வேலை முடிந்த பிறகு அனுமதி வாங்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை இங்கிலாந்திலிருந்து வந்த கடிதங்களில் பல லிஸ்டட் வீடுகளைப் பற்றியவை. லிஸ்டட் என்றால், வரலாற்று மதிப்போ கட்டடக்கலை மதிப்போ இருப்பதாகத் தேசியப் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்கப்படும் கட்டடம். அப்படிப்பட்ட பதிவுகள் இங்கிலாந்தில் சுமார் 4 லட்சம் உண்டு, அதில் 100-க்கு 90-க்கும் மேல் கிரேடு 2, அதாவது மூன்று தரங்களில் கடைசித் தரம். அதனால் நம்மவர்கள் வாங்கும் பழைய வீடும் அதில் ஒன்றாக இருப்பது பெரிய ஆச்சரியம் இல்லை. கடிதங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: வேலை நடந்து முடிந்துவிட்டது, இப்போது என்ன செய்வது?

கேள்வி: அக்கா, இரண்டு வருடத்துக்கு முன் கென்ட்டில் ஒரு பழைய வீடு வாங்கினோம். கிரேடு 2 என்று வாங்கும்போதே சொன்னார்கள், அதன் அர்த்தம் எங்களுக்குச் சரியாகப் புரியவில்லை. முதல் குளிர்காலமே தாங்கவில்லை, குழந்தைக்கு இருமல் வேறு. முன்பக்கத்து ஐந்து மர ஜன்னல்களையும் எடுத்துவிட்டு யுபிவிசி என்ற பிளாஸ்டிக் சட்டத்தில் டபுள் கிளேசிங் (இரட்டைக் கண்ணாடி) போட்டோம். அதே வெள்ளை, அதே வடிவம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றார் பில்டர். கூடவே சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவரையும் எடுத்தோம். இப்போது உள்ளூர் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பின்னாலே ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அதே பில்டர். உண்மையா? ஜெயில் வரை போகுமா? என் கணவர் தூங்கி ஒரு வாரம் ஆகிறது.

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். லிஸ்டட் கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கிற மாற்றத்தை அனுமதி இல்லாமல் செய்வது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாதாரண வீட்டில் அனுமதி இல்லாமல் ஒரு அறையை நீட்டிக் கட்டுவது போன்றது அல்ல இது, செய்த அன்றைக்கே குற்றமாகிவிடுகிறது. அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, அபராதத்துக்கு மேல்வரம்பே இல்லை. எனக்குத் தெரியாது, பில்டர் சொன்னார் என்பதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்காது, ஏனென்றால் வேலையைச் செய்தவரும் பொறுப்பு, செய்யச் சொன்னவரும் பொறுப்பு. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. குளிருக்காக ஜன்னல் மாற்றிய ஒரு குடும்பத்தை நேராக நீதிமன்றத்துக்கு இழுக்கும் கவுன்சில் அபூர்வம். முதலில் பேசித் தீர்க்கத்தான் பார்ப்பார்கள், அந்தக் கடிதத்துக்கு நீங்கள் எப்படிப் பதில் சொல்கிறீர்கள் என்பது அடுத்து நடப்பதைப் பெருமளவு தீர்மானிக்கும். உங்கள் கணவரைத் தூங்கச் சொல்லுங்கள்.

தூங்கி எழுந்ததும் பில்டருக்குப் போன் போட்டு, பழைய ஜன்னல்கள் எங்கே என்று கேளுங்கள். இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள். அவருடைய யார்டில் ஒரு மூலையில் சாத்தி வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, ஸ்கிப்பில், அதாவது குப்பைத் தொட்டியில் போட்டிருந்தால் கஷ்டம்தான். இத்தனை ஆண்டுகளாகப் பழைய வீடுகளைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன், அந்த ஜன்னல்களுக்காக எனக்கு இன்னமும் மனம் பதறும். மேலும் கீழும் நகரும் பழைய சாஷ் ஜன்னலின் பக்கத்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கயிற்றில் ஒரு இரும்புக் குண்டு தொங்கும், ஜன்னல் சட்டத்தின் எடைக்கு ஈடாக. அவ்வளவு கனமான ஜன்னல் இரண்டு விரலில் மேலே போவது அதனால்தான். கண்ணாடி ஊதிச் சுழற்றிச் செய்ததாக இருந்தால், அதன் வழியே வெளியே ஒரு மரத்தைப் பார்த்தபடி தலையை லேசாக அசைத்தால் கிளைகள் தண்ணீரில் தெரிவதுபோல நெளியும். கண்ணாடிகளுக்கு நடுவே ஓடும் மரச் சட்டம் விரல் பருமன்தான் இருக்கும். யுபிவிசியில் அதே இடத்தில் தட்டையான தடித்த பட்டை, அல்லது கண்ணாடிக்குள் ஒட்டிய போலிக் கோடு. உங்கள் பில்டருக்கு அதே வெள்ளை, அதே வடிவம். பழைய கட்டடங்களைக் கவனிக்கும் கவுன்சிலின் கன்சர்வேஷன் அதிகாரி தெருவில் நடந்து வரும்போதே அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்திருப்பார்.

சரி, பின்னால் போடும் விண்ணப்பம். எல்லோரும் ‘ரெட்ராஸ்பெக்டிவ்’ என்று சொல்கிறார்கள், அந்தச் சொல்லே ஆளை ஏமாற்றுகிறது. சட்டம் தருவது, ஏற்கெனவே செய்த வேலையை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி. அந்த அனுமதி கிடைத்த நாளிலிருந்துதான் வேலை சட்டப்பூர்வமாகும், முன்தேதியிட்டு ஒன்றும் மாறாது. அனுமதி வந்தாலும் வேலை செய்த அன்றைய குற்றம் குற்றமாகவே இருக்கும், ஆனால் அதன் பிறகு கவுன்சில் அதைக் கிளறுவதற்குக் காரணம் குறைந்துவிடும். இன்னொன்று, முடித்துவிட்ட வேலை என்பதற்காக யாரும் இரக்கம் காட்டமாட்டார்கள். இன்னும் கை வைக்காத வீட்டில் இதே வேலைக்கு விண்ணப்பித்திருந்தால் அனுமதி கிடைத்திருக்குமா, அந்த ஒரு கேள்விதான். நீங்களும் அதையே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், அப்போது ஜன்னலும் சுவரும் தனித்தனி விஷயம் என்பது தெரிந்துவிடும்.

ஜன்னலுக்கு, நேர்மையாகச் சொன்னால், கிடைத்திருக்காது. கிரேடு 2 வீட்டின் முகப்பில் யுபிவிசியை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மாதக்கணக்கில் போராடுவதைவிட, பழைய அளவில், பழைய மாதிரியில் மர சாஷ் செய்து போட்டுவிடுகிறேன் என்று விண்ணப்பித்துவிடுங்கள். பழைய சட்டங்கள் கிடைத்தால் தச்சரிடம் கொடுத்துப் பழுது பாருங்கள், பழைய பைன் மரம் கெட்டியானது, அடிப்பாகம் மட்டும் இற்றுப்போயிருக்கும், அதை வெட்டிப் புது மரம் சேர்க்கலாம். குளிருக்கு உள்பக்கமாக இரண்டாவது கண்ணாடி போடுங்கள். ஒற்றைக் கண்ணாடி வழியாகப் போகும் வெப்பத்தில் பாதிக்கும் மேல் அது நிறுத்திவிடும், ஓரங்களில் காற்று புகாமல் பிரஷ் பட்டையும் வைத்தால் குழந்தையின் அறையில் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

சுவர் வேறு கதை. அது எப்படிப்பட்ட சுவர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1970-களில் யாரோ வைத்த பிளாஸ்டர்போர்டு தடுப்பாக இருந்திருந்தால் எடுத்ததில் பெரிய இழப்பு இல்லை, வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இடிபாட்டில் மெல்லிய மரப் பட்டைகளும், உடைத்துப் பார்த்தால் மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புப் பூச்சும் இருந்ததா? குதிரை, மாட்டு மயிர் கலந்து பூசுவது அந்தக் காலத்து வழக்கம். அப்படியென்றால் அது வீட்டின் பழைய அறை அமைப்பைச் சேர்ந்த சுவர். அதிலும் ஒரு நடுவழி உண்டு: இரண்டு ஓரத்திலும் சுவரின் ஒரு துண்டும் மேலே ஒரு தொங்கலும் திரும்பக் கட்டி, இங்கே ஒரு சுவர் இருந்தது, இரண்டு அறைகள் இருந்தன என்று பார்த்தவுடன் தெரியும்படி செய்வது. பல அதிகாரிகள் இதை ஏற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுவர் பாரம் தாங்கியதா என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரையும் பார்க்கச் சொல்லுங்கள். பில்டிங் ரெகுலேஷன் என்ற கட்டட விதிகளுக்கு வேலை முடிந்த பிறகு வாங்கும் ரெகுலரைசேஷன் சான்றிதழ் தனி, அது இந்த அனுமதிக்குப் பதிலாகாது, இது அதற்குப் பதிலாகாது.

கட்டணம் பற்றிப் பயப்பட வேண்டாம், லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை. செலவு வரைபடத்திலும், கட்டடத்தின் வரலாற்று மதிப்பை விளக்கும் ஹெரிட்டேஜ் ஸ்டேட்மென்ட் என்ற அறிக்கையிலும்தான். அதைக் காசு பார்க்காமல் பழைய கட்டடம் தெரிந்தவரிடம் கொடுங்கள். வழக்கமாக 8 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 6 மாதம் இருக்கிறது. கவுன்சில் உங்களை எச்சரிக்கையுடன் கூடிய நேர்காணலுக்கு, அதாவது நீங்கள் சொல்வது பின்னால் சாட்சியமாகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேட்கும் விசாரணைக்கு அழைத்தால் தனியாகப் போகாதீர்கள், சொலிசிட்டரோடு, அதாவது வழக்கறிஞரோடு போங்கள். மற்றபடி கடிதத்துக்குப் பணிவாக, சீக்கிரமாகப் பதில் எழுதுங்கள், வந்து பாருங்கள் என்று கூப்பிடுங்கள்.

கேள்வி: பாத் நகரில் ஒரு ஜார்ஜியன் (18-ஆம் நூற்றாண்டுப் பாணி) லிஸ்டட் வீட்டின் முதல் மாடி பிளாட்டை வாங்கப் போகிறோம். முன் அறையில் கணப்படுப்பின் கல் முகப்பைக் காணோம், அறைக்கு நடுவில் ஒரு தடுப்பு வைத்து பாத்ரூம் கட்டியிருக்கிறார்கள். அனுமதிக் காகிதம் எதுவும் இல்லை. ரொம்ப வருடம் ஆகிவிட்டது, இப்படிப்பட்ட சிக்கலால் வரும் நஷ்டத்துக்கு ஈடு தரும் இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுத்தால் போதும் என்கிறது விற்கும் தரப்பு. போதுமா?

பதில்: போதாது. சாதாரணத் திட்ட அனுமதி (பிளானிங் பெர்மிஷன்) மீறலுக்கு இங்கிலாந்தில் ஒரு காலக்கெடு உண்டு, குறிப்பிட்ட வருடங்கள் கழிந்தால் கவுன்சில் கை வைக்க முடியாது. அந்தப் பழக்கத்தில்தான் எல்லோரும் ‘ரொம்ப வருடம் ஆகிவிட்டது’ என்கிறார்கள். லிஸ்டட் கட்டடத்துக்கு அந்தக் கெடு கிடையவே கிடையாது. நீங்கள் செய்யாத வேலைக்காக உங்கள்மேல் குற்றவழக்கு வராது, அது உண்மை. ஆனால் பழைய நிலைக்குக் கொண்டுவா என்ற அமலாக்க நோட்டீஸ், வேலை செய்தவரைத் தேடிப் போகாது, இன்றைய உரிமையாளர் கையில் வரும். அந்த நோட்டீஸை மதிக்காவிட்டால் அது புதுக் குற்றம், அதற்குப் பொறுப்பு நீங்கள்.

இன்சூரன்ஸ் பணத்துக்குத்தான் ஈடு. கவுன்சிலோடு யாரும் பேசியிருக்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் சாதாரணமாக இருக்கும், லிஸ்டட் கட்டடத்தை விலக்கிவைக்கும் பாலிசிகளும் உண்டு. நாளை நீங்களே அந்த பாத்ரூமை மாற்ற விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் முதலில் தேடிப் பாருங்கள், வேலை எப்போது நடந்தது. லிஸ்டில் சேருவதற்கு முன்னால் நடந்த மாற்றத்துக்கு இந்த அனுமதி தேவைப்பட்டிருக்காது. இன்றைய வடிவிலான அனுமதி முறை தொடங்கியதே 1969 ஜனவரி 1-இல்தான், அதற்கு முந்தைய வேலைக்கும் கேள்வி இல்லை. லிஸ்ட் ஆன தேதி, பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணையப் பட்டியலில் இலவசமாகக் கிடைக்கும். பாத்ரூம் பொருட்களின் பாணி, பழைய விற்பனை விளம்பரப் படங்கள், ஓய்வுபெற்ற பக்கத்து பிளாட்காரரின் ஞாபகம், இவையெல்லாம் ஆதாரமாகும். தேதி 1969-க்கும் லிஸ்டிங்குக்கும் பிந்தியதாக இருந்தால், விற்பவரே விண்ணப்பித்து முடிவு வாங்கித் தரட்டும், அதுவரை கையெழுத்து வேண்டாம். அவருக்கு அவசரம் என்றால் கணப்படுப்பு முகப்பைத் திரும்ப வைக்கவும் தடுப்பை எடுக்கவும் ஆகும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

பட்டியலில் அந்தக் கட்டடத்துக்கு எழுதிய குறிப்பில் கணப்படுப்பு பற்றி ஒரு வரியும் இல்லை என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். பழைய குறிப்புகள் பலவும் தெருவில் நின்று பார்த்து எழுதியவை. உள்ளே இருப்பதும் சேர்த்துத்தான் பாதுகாப்பு, குறிப்பில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும்.

கேள்வி: மிட்லண்ட்ஸில் எங்கள் கோயில் சபை, மூடிக் கிடந்த ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தை வாங்கியது. கிரேடு 2. பெஞ்சுகளை எடுத்தோம், தரைக்கு டைல்ஸ் போட்டோம், நடுவில் மூலஸ்தானம் கட்டினோம், ஹோமப் புகை போக ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னலில் மேல் கட்டத்தை எடுத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தோம். வழிபாட்டு இடங்களுக்கு விலக்கு உண்டு என்று ஒருவர் சொன்னதை நம்பினோம். கும்பாபிஷேகம் ஆகிவிட்டது. இப்போது இன்னொருவர், அனுமதி வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டாமவர். விலக்கு என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது எல்லா வழிபாட்டு இடத்துக்கும் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபை, கத்தோலிக்கர், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் யூனியன், யுனைடெட் ரிஃபார்ம்ட் சர்ச் என்று கவுன்சிலுக்கு நிகரான சொந்த அனுமதி முறை வைத்திருக்கும் சில கிறிஸ்தவச் சபைகளுக்குத்தான். மெதடிஸ்ட்டுகள் அங்கே வழிபாடு நடத்தியவரை அந்தக் கட்டடத்துக்கு விலக்கு இருந்தது, உங்கள் கைக்கு வந்தபோது இல்லை. தேவாலயம், கோயில் இரண்டும் திட்டமிடல் சட்டத்தில் ஒரே வகை, பயன்பாட்டை மாற்ற அனுமதி பொதுவாகத் தேவையில்லை. சபைகள் தடுக்கி விழுவது இங்கேதான், பயன்பாட்டு அனுமதி வேண்டாம் என்றதும் லிஸ்டட் அனுமதியும் வேண்டாம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வருத்தத்தைவிட நம்பிக்கைதான் அதிகம். காரணம் சொல்கிறேன். பழைய கட்டடத்துக்கு ஏற்படும் சேதத்தை, அதனால் பொதுமக்களுக்குக் கிடைக்கும் நன்மையோடு எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பது தேசியக் கொள்கை. கென்ட் வாசகரின் கதகதப்பான ஜன்னல் பெரிய பொதுநன்மை ஆகாது. மூடிக் கிடந்து கூரை ஒழுகிக்கொண்டிருந்த ஒரு வழிபாட்டு மண்டபத்தில் மறுபடி விளக்கெரிகிறது, வாரம் முழுதும் ஆட்கள் வருகிறார்கள், அது எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்கே திரும்பப் பயன்படுகிறது என்றால் அது உண்மையான பொதுநன்மை. உங்கள் விண்ணப்பத்தில் இதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், படத்தோடு.

அப்புறம் ஒவ்வொரு வேலையாகப் பிரித்துப் பாருங்கள். மூலஸ்தானம் சுவரைத் தொடாமல் தனியாக நிற்கிறதா, நாளை எடுத்தால் பின்னால் பழைய மண்டபம் அப்படியே இருக்குமா? இருந்தால் அதைக் காப்பாற்றிக்கொள்வது சுலபம். டைல்ஸ் எதன்மேல் ஒட்டியிருக்கிறது? நடுவில் ஒரு பிரிப்பு விரிப்பு போட்டுப் பதித்திருந்தால் பரவாயில்லை, விக்டோரியா காலத்து வண்ண ஓட்டுத் தரையின்மேல் நேராக சிமென்ட் ஒட்டியிருந்தால் அதுதான் உங்கள் பெரிய சிக்கல், ஒரு மூலையில் எடுத்துப் பார்க்க ஒரு கன்சர்வேட்டரை, அதாவது பழைய பொருட்களைச் சேதமில்லாமல் சீராக்கும் நிபுணரைக் கூப்பிடுங்கள், நீங்களே உளி வைக்காதீர்கள். தரையோடு பொருத்தியிருந்த பெஞ்சுகள் கட்டடத்தின் பகுதி. விற்றிருந்தால் யாருக்கு விற்றீர்கள் என்று தேடி, சிலவற்றையாவது வாங்கிச் சுவரோரமாக வைப்பதாகச் சொல்லலாம், முதியவர்கள் உட்காரவும் ஆகும். வண்ணக் கண்ணாடிக் கட்டத்தைத் தயவுசெய்து திரும்ப வையுங்கள். துண்டு கையில் இருக்கிறது என்று நம்புகிறேன். புகை போக்க கூரையின் பின்சரிவில், தெருவிலிருந்து தெரியாத இடத்தில் வழி கேளுங்கள், அதற்கும் அனுமதி வேண்டும் ஆனால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சபைக் கூட்டத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வேலையைச் செய்யச் சொன்னவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதால், முடிவெடுத்த அறங்காவலர்கள் பெயரும் இதில் வரலாம். ஒருவருக்கொருவர் குறை சொல்லிக்கொண்டு ஆறு மாதம் போவதற்குள் கவுன்சில் வாசலுக்கு வந்துவிடும். நீங்களே முன்னால் போய்ச் சொல்வது நல்லது, அதற்கு முன் ஒரு சொலிசிட்டரிடம் ஒரு மணிநேரம் உட்காருங்கள்.

கேள்வி: புயலில் புகைக்கூண்டு சாய்ந்து நடைபாதைமேல் விழப் பார்த்தது, ஆளைக் கூப்பிட்டுக் கழற்றி இறக்கிவிட்டோம். கிரேடு 2 வீடு. குற்றமா?

பதில்: ஆள்மேல் விழக்கூடியதை இறக்கியதற்குச் சட்டமே ஒரு தற்காப்பு வைத்திருக்கிறது. ஆபத்தைத் தடுக்க அவசரமாகத் தேவைப்பட்டது, முட்டுக் கொடுத்துச் சமாளிக்க முடியவில்லை, தேவையான அளவுக்குமேல் கை வைக்கவில்லை, கவுன்சிலுக்குக் கூடிய சீக்கிரம் எழுத்தில் தெரிவித்தோம் என்று எல்லாம் காட்ட வேண்டும். கடைசியது உங்கள் கடிதத்தில் இல்லை. இன்றைக்கே புகைப்படங்களோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். இறக்கிய செங்கற்களை அடுக்கி மூடி வையுங்கள், அதே செங்கல்லை வைத்து அதே உயரத்தில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டச் சொல்லுங்கள். சிமென்ட் வேண்டவே வேண்டாம், பழைய மென்மையான செங்கல்லுக்குள் ஈரத்தை அடைத்து, பனி உறையும்போது செங்கல்லின் முகப்பையே பொடியாக உதிரவைத்துவிடும்.

கேள்வி: அப்பா வாங்கிய வீட்டுத் தோட்டத்தில் தூண்மேல் இரண்டு பழைய ஈயச் சாடிகள் நிற்கின்றன. நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். வீடு லிஸ்டட். சாடி கட்டடம் இல்லையே, விற்கலாம்தானே?

பதில்: கேட்டுவிட்டு விற்க நினைத்தீர்களே, அதற்கு நன்றி. வார்விக்‌ஷயரில் இட்லிகோட் ஹவுஸ் என்ற வீட்டில் இதே மாதிரி இரண்டு ஈயச் சாடிகள் இருந்தன, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. உரிமையாளர் 2009-இல் ஏலத்தில் 55,000 பவுண்டுக்கு விற்றார். அந்தச் சாடிகள் தனியாகவே லிஸ்டில் இருந்தது அவருக்குத் தெரியாது. பல ஆண்டு கழித்து கவுன்சில் கேட்டது, அவர் பின்னாலே அனுமதிக்கு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். 2016-இல் சாடிகளைத் திரும்ப வை என்று நோட்டீஸ். அவை நாட்டைவிட்டே போய்விட்டிருந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020-இல் அவருக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு வந்தது: பட்டியலில் இருப்பதாலேயே ஒரு பொருள் கட்டடம் ஆகிவிடாது, அதன் அளவு, நிலைத்தன்மை, எந்த அளவு தரையோடு பிணைந்திருக்கிறது என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லி, மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பினார்கள். விற்று 11 ஆண்டு கழித்தும் விஷயம் முடியவில்லை.

உங்கள் சாடிகள் பட்டியலில் தனியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டாலும், வீட்டு வளாகத்தில் 1948 ஜூலை 1-க்கு முன்னாலிருந்தே நிற்கும் கட்டுமானங்களுக்கு வீட்டோடு சேர்த்துப் பாதுகாப்பு உண்டு, சாடி நிற்கும் அந்தத் தூண்கள் அதில் வரலாம். சாடி தன் பாரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே இரும்புக் கம்பி வைத்து ஈயம் காய்ச்சி ஊற்றிப் பிணைத்திருக்கிறதா என்று ஒரு சர்வேயரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அசைத்துப் பார்க்க வேண்டாம். அவர் எழுதித் தருவதை இணைத்து, விற்க அனுமதி தேவையா என்று கவுன்சிலுக்கு எழுதுங்கள். வாங்க வந்தவரிடம், பதில் வரும்வரை பொறுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.